பழைய கேமிங் லேப்டாப்: மேம்படுத்துவதா, மாற்றுவதா?

ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த ஒரு கேமிங் லேப்டாப் தடுமாறத் தொடங்கியதும், பலர் உடனே புதிய லேப்டாப்புகளின் விலையைத் தேடுகிறார்கள். வேறு சிலர் கைக்குக் கிடைத்த ரேமையும் எஸ்எஸ்டியையும் வாங்கிப் பொருத்திவிட்டு, கேம் முன்போலவே திணறுவதைக் கண்டு மனம் சோர்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எது சோர்ந்திருக்கிறது என்று பார்க்காமலேயே பணம் செலவாகிறது.

மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு பழசானால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகலாம். லேப்டாப்பில் அந்த வசதி இல்லை. ஏறக்குறைய எல்லாக் கேமிங் லேப்டாப்புகளிலும் பிராசஸரும், கிராபிக்ஸ் சிப்பும், அதற்குரிய வீடியோ மெமரியும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். நம்மால் மாற்ற முடிந்தவை ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, வைஃபை கார்டு, ஃபேன், தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) ஆகியவை மட்டுமே. அவற்றிலும் மெல்லிய மாடல்களில் ரேம் பற்றவைக்கப்பட்டிருப்பதுண்டு. ஆகவே முடிவு முழுவதும் ஒரு கேள்வியைச் சார்ந்திருக்கிறது: இப்போதுள்ள கிராபிக்ஸ் சிப் தன் முழுத் திறனோடு இயங்கினால், நீங்கள் ஆடும் கேம்களுக்கு அது போதுமா? போதுமென்றால் மற்றவை எல்லாம் பழுதுபார்க்கும் வேலை. போதாதென்றால் வேறு எதை மாற்றினாலும் பயனில்லை. "தன் முழுத் திறனோடு" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய லேப்டாப்புகளில் பல, தம் திறனில் ஒரு பகுதியைச் சூட்டுக்குப் பறிகொடுத்துவிட்டே ஓடிக்கொண்டிருக்கின்றன.

1. குறையை எழுதி வையுங்கள்

"லேப்டாப் ஸ்லோ ஆகிவிட்டது" என்பது குறை அல்ல, புலம்பல். எந்தக் கேமில், எந்த அமைப்பில், எப்போது, என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொடங்கிய பத்து நிமிடம் சீராக ஓடி அதன்பின் ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) விழுந்தால் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு கணம் உறைந்து மீண்டால் ரேம், வீடியோ மெமரி, ஹார்டு டிஸ்க் ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும். முதல் நொடியிலிருந்தே ஒரே சீராகக் குறைந்த ஃபிரேம்கள் வந்தால் கிராபிக்ஸ் சிப்புக்கு அந்தக் கேம் பாரமாக இருக்கிறது. கேமே திறக்க மறுத்து, வன்பொருள் ஆதரவு இல்லை என்ற செய்தி வந்தால், அந்தக் கேமைப் பொறுத்தவரை முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

2. அளவெடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே பெரும்பாலும் தவறான பொருளை வாங்குகிறார்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதனுடன் வரும் ரிவாட்யூனர், ஹெச்டபிள்யூஇன்ஃபோ ஆகிய மூன்றும் கணினியின் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் இலவச மென்பொருள்கள். எம்எஸ்ஐ தயாரிப்பு அல்லாத லேப்டாப்புகளிலும் ஆஃப்டர்பர்னர் இயங்கும். சார்ஜரை இணைத்து, பவர் அமைப்பை உச்சத்தில் வைத்து, வழக்கமாக ஆடும் கேமை 30 நிமிடம் ஆடுங்கள். பேட்டரியில் மட்டும் ஓடும்போது கிராபிக்ஸ் சிப்புக்குத் தேவையான மின்சாரம் கிடைப்பதில்லை என்பதால் அந்த நிலையில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. திரையின் ஓரத்தில் கிராபிக்ஸ் சிப்பின் பயன்பாடு, வெப்பம், கிளாக் வேகம் (சிப் இயங்கும் வேகம்), வாட் (அது இழுக்கும் மின்சாரம்), வீடியோ மெமரி, பிராசஸரின் ஒவ்வொரு கோரின் (உட்பிரிவின்) பயன்பாடு, வெப்பம், ரேம் பயன்பாடு ஆகியவை தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைப் படிக்கும் முறை இதுதான். கிராபிக்ஸ் சிப்பின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் நிலையாக நின்று, கிளாக் வேகமும் குறையாமல் இருந்தால், சிப் தன்னால் முடிந்த அனைத்தையும் தருகிறது. அதற்கு மேல் எந்த உறுப்பை மாற்றினாலும் ஃபிரேம் அதிகரிக்காது. பயன்பாடு 60, 70 என்று அலைந்துகொண்டிருக்க, பிராசஸரின் ஏதோ ஒரு கோர் மட்டும் முழுமையாக நிறைந்திருந்தால் தடை பிராசஸரில் இருக்கிறது. இந்த இடத்தில் மொத்த விழுக்காட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. எட்டு கோர்களில் ஒன்று மட்டும் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும்போதும் டாஸ்க் மேனேஜரின் மொத்தக் கணக்கு மிகக் குறைவாகவே காட்டும். தொடக்கத்தில் இருந்த கிளாக் வேகம் அரைமணி நேரத்தில் படிப்படியாக இறங்க, பிராசஸர் வெப்பம் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை போய் ஒட்டிக்கொண்டிருந்தால், சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கிறது. இன்டெல் லேப்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை.

சராசரி ஃபிரேம் எண்ணிக்கையோடு, மிக மோசமான 1 விழுக்காட்டு ஃபிரேம்களின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 70 என்று காட்டினாலும் அந்த எண் 25 ஆக இருந்தால் கைக்கும் கண்ணுக்கும் அது 25 போலவே உறுத்தும். ரேம், சூடு, வீடியோ மெமரி ஆகியவற்றின் குறைகள் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் முதலில் தெரியும்.

3. பணம் செலவழிக்கும் முன் தூசியை அகற்றுங்கள்

நான் ஆறு ஆண்டு பயன்படுத்திய ஒரு லேப்டாப்பின் அடிமூடியை முதன்முதலாகத் திறந்தபோது, ஃபேனில் கண்ணுக்குத் தெரிந்த தூசி கொஞ்சம்தான். ஃபேனின் மேல்தகட்டைக் கழற்றிய பிறகே உண்மை தெரிந்தது. ஃபேனுக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தாமிரத் தகடுகளுக்கும் நடுவில், சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல, இடுக்கியால் முழுதாக உரித்தெடுக்கும் அளவுக்குத் தூசி படிந்து இறுகியிருந்தது. வெளியிலிருந்து எத்தனை முறை ஊதினாலும் அது நகர்ந்திருக்காது. அதை அகற்றிப் புதிய பேஸ்ட் வைத்த பிறகு, 96 டிகிரியில் நின்ற பிராசஸர் அதே கேமில் 83க்கு இறங்கியது. விழுந்துகொண்டிருந்த கிளாக் வேகமும் நிலைத்தது. அந்த வாரம் நான் புதிய லேப்டாப் வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தேன்.

செய்முறையில் வரிசை முக்கியம். உங்கள் மாடலுக்குரிய சர்வீஸ் கையேட்டையோ பிரித்துக் காட்டும் காணொளியையோ முதலில் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பை முழுமையாக அணைத்து, சார்ஜரை எடுத்து, அடிமூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். அவை ஒரே நீளத்தில் இருக்காது. நீளமான திருகைத் தவறான துளையில் செலுத்தினால் மேல்பக்கத்தில் கீபோர்டுத் தகட்டை அது முட்டிவிடும். ஒரு தாளில் அடிமூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்தத் திருகை ஒட்டிவைப்பது எளிய வழி. மூடியை நெம்ப பிளாஸ்டிக் அட்டை போதும். திறந்ததும் வேறு எதையும் தொடும் முன் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுங்கள். காற்றடிக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடின்றி சுழன்றால் அதன் பேரிங் கெட்டுவிடும்.

தெர்மல் பேஸ்ட் விஷயத்தில் லேப்டாப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. லேப்டாப் சிப்புகளுக்கு மேசைக் கணினிப் பிராசஸர்களைப் போல் உலோக மூடி கிடையாது. சூட்டை உறிஞ்சும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க், சிலிக்கான் பரப்பின்மீதே அமர்கிறது. சூடேறியும் ஆறியும் மாறி மாறி விரிந்து சுருங்கும்போது நீர்த்த பேஸ்ட் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டுவிடும். எனவே கெட்டியான பேஸ்ட் அல்லது ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகிப் படியும் தாள் வகை நீண்ட நாள் தாங்கும். சில லேப்டாப்புகளில் தொழிற்சாலையிலேயே திரவ உலோகம் வைத்திருப்பார்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல் பணிமனையில் கொடுப்பது நல்லது. ஹீட்சிங்கைத் தூக்கும்போது மெமரி சிப்புகளின் மேலுள்ள தெர்மல் பேட்கள் கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் பிராசஸரின்மீது அழுந்தாமல், முன்பைவிடச் சூடு கூடிவிடும்.

இதனுடன் மென்பொருள் வழியாகவும் சூட்டைக் குறைக்கலாம். ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது மிக எளிய வழி. கிராபிக்ஸ் சிப்பின் மின்னழுத்தத்தை ஆஃப்டர்பர்னரில் குறைப்பது பெரும்பாலான மாடல்களில் சாத்தியம். இன்டெல் பிராசஸர்களில் இதே வேலை பல மாடல்களில் நடக்காது. 2019இல் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பின் பல நிறுவனங்கள் கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸிலேயே அந்த வசதியை அடைத்துவிட்டன.

சுத்தம் செய்து முடித்ததும் இரண்டாம் படியின் அளவுகளை மீண்டும் எடுங்கள். இதன் பின் வரும் படிகளெல்லாம் இந்தப் புதிய எண்களை வைத்துத்தான்.

4. ரேம்

8 ஜிபி ரேமில் இன்றைய பெரிய கேம்களை ஆடுவது கடினம். 16 ஜிபி அடிப்படைத் தேவை. 32 ஜிபி சில கேம்களுக்கும், கேமுடன் வேறு வேலைகளையும் திறந்துவைப்பவர்களுக்கும் பயன்படும். கொள்ளளவைப் போலவே எண்ணிக்கையும் முக்கியம். ஒரே ரேம் குச்சியுடன் வந்த லேப்டாப்பில் பிராசஸருக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை பாதி அகலத்தில்தான் இயங்கும். இணையான இரண்டாவது குச்சியைச் செருகினால் அந்தப் பாதை இரட்டிப்பாகும். பிராசஸர் தடையாக இருக்கும் கேம்களில் முன்பு குறித்த 1 விழுக்காட்டு எண்ணில் முன்னேற்றம் தெரியும்.

வாங்குமுன் வகையைச் சரிபாருங்கள். லேப்டாப் டிடிஆர்4 குச்சிக்கு 260 பின்கள், டிடிஆர்5க்கு 262. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. சிபியு-இசட் என்ற மென்பொருள் வகையையும் வேகத்தையும் காட்டும். வேகம் மாறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் உலகெங்கும் மெமரி விலை ஏறியதால், "ரேம் மலிவு, போட்டுவிடலாம்" என்ற பழைய அறிவுரையை விலை பார்க்காமல் பின்பற்ற வேண்டாம்.

5. எஸ்எஸ்டி

விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை, எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். லேப்டாப்பின் வாழ்நாளில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை வேறு எந்தச் செலவும் தராது. ஆனால் ஏற்கெனவே சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி இருப்பவர், நொடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைட் வேகத்திலிருந்து 3500 அல்லது 7000 மெகாபைட் வேகமுள்ள புதிய வகையான என்விஎம்இக்கு மாறினால் கேமும் அதே மடங்கு வேகமாகத் திறக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கேம் திறக்கும் நேரத்தில் பெரும்பகுதி, தரவை விரித்து அடுக்கும் பிராசஸரின் வேலையில் போகிறது. இடப் பற்றாக்குறைக்காக மாற்றுவது நியாயம். வேகத்துக்காக மட்டும் மாற்றுவது வீண்.

எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 இடம் சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்; இரண்டின் உருவமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை வேறொரு இடத்தில் எழுதிவையுங்கள். அது இல்லாமல் தங்கள் படங்களையும் கோப்புகளையும் இழந்தவர்கள் உண்டு.

6. பேட்டரியும் சார்ஜரும்

லித்தியம் அயான் பேட்டரி சில நூறு சுழற்சிகளில் தன் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழப்பது இயல்பு. விண்டோஸே தரும் பேட்டரி அறிக்கையில் தொடக்கக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அருகருகே இருக்கும். எப்போதும் சார்ஜரில் வைத்து ஆடுபவருக்குப் பேட்டரி தேவையில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சில மாடல்களில் உச்ச நேரத்தில் சார்ஜரால் தர முடியாத மின்சாரத்தைப் பேட்டரியே ஈடுசெய்கிறது. அது செத்திருந்தால் வேகமும் குறையும். குறைந்த வாட் சார்ஜரைப் போட்டாலும் இதே கதைதான். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி உப்பியிருந்தாலோ அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ கூடாது. இதில் மேம்படுத்துவதா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லை, பாதுகாப்புதான் முதலில்.

7. கிராபிக்ஸ் சிப்பின் ஆயுளை மதிப்பிடுங்கள்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். சிப்பை மாற்ற முடியாவிட்டாலும் அதிலிருந்து கூடுதலாகப் பெற வழிகள் உண்டு. பல பழைய லேப்டாப்புகளில், கிராபிக்ஸ் சிப் வரையும் ஒவ்வொரு ஃபிரேமும் பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் வழியாகவே திரைக்குச் செல்கிறது. கிராபிக்ஸ் சிப்பை நேரடியாகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் ஸ்விட்ச் இருந்தால் அந்த இடைவழியைத் தவிர்க்கலாம். இல்லாவிட்டால், கிராபிக்ஸ் சிப்புடன் நேரடியாக இணைந்த போர்ட்டில் வெளித் திரையைச் செருகினால் அதே பலன் கிடைக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வகை சிப் இருந்தால் குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் டிஎல்எஸ்எஸ் கைகொடுக்கும். 2025 ஜனவரியில் அறிமுகமான அதன் புதிய பட மாதிரி 2018ஆம் ஆண்டின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வரை கிடைக்கிறது. இதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், அதன் தொடக்கப் பதிப்புகளில், என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் சிப்புகளிலும் இயங்கும்.

இவற்றால் கடக்க முடியாத மூன்று சுவர்கள் உண்டு. முதலாவது வீடியோ மெமரி. 4 அல்லது 6 ஜிபி நிறைந்ததும் மிச்சத் தரவு மெதுவான ரேமுக்கு வழிந்து, ஃபிரேம் திடீரென விழும். டெக்ஸ்சர் (பரப்புகளின் படத் தரம்) அமைப்பை ஒரு படி இறக்குவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. இரண்டாவது, ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங். 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் என்ற கேம் அதைச் செய்யும் வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கிறது, ஜிடிஎக்ஸ் 10, 16 வரிசைகளில் அந்த வன்பொருள் இல்லை. மூன்றாவது மென்பொருள் ஆதரவு. ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தி, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக அறிவித்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரையும் கேட்கிறது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் ஆட விரும்பும் கேம்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் குறைந்தபட்சத் தேவையையும் இந்த மூன்று சுவர்களோடு ஒப்பிடுங்கள். பழைய கேம்களையும் போட்டி வகை இணைய கேம்களையும் ஆடுபவருக்கு ஆறு ஆண்டுப் பழைய சிப் இன்னும் போதுமானதாக இருக்கலாம். பட்டியலில் பாதிக்கு மேல் சுவரில் முட்டினால், நான்காம் ஐந்தாம் படிகளின் செலவைத் தொடங்க வேண்டாம்.

தண்டர்போல்ட் போர்ட் வழியாக வெளிக் கிராபிக்ஸ் கார்டு இணைக்கும் வழி பலரை ஈர்க்கிறது. நொடிக்கு 40 ஜிகாபிட் பாதையில் கார்டு தன் வேகத்தில் ஒரு பகுதியை இழக்கும். கார்டை வைக்கும் பெட்டி, கார்டு இரண்டின் செலவையும் கூட்டினால், அந்தப் பணத்துக்கு ஒரு மேசைக் கணினியே மேல் என்பது என் கருத்து.

8. கணக்குப் போடுங்கள்

செலவுகளை இரண்டாகப் பிரியுங்கள்: உங்களோடு அடுத்த லேப்டாப்புக்கு வருபவை, இந்த லேப்டாப்போடு முடிபவை. என்விஎம்இ எஸ்எஸ்டி உங்களோடு வரும். டிடிஆர்4 ரேம் பெரும்பாலும் வராது, ஏனெனில் புதியவை டிடிஆர்5 கேட்கும். பேட்டரி, பேஸ்ட், ஃபேன் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும். இந்த இரண்டாம் வகைச் செலவின் கூட்டுத்தொகை, நீங்கள் வாங்கக்கூடிய புதிய லேப்டாப்பின் விலையில் கால்பங்கைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் எல்லை. சுத்தம் செய்வதும் பேஸ்ட் மாற்றுவதும் இந்தக் கணக்குக்கு வெளியே. எந்த முடிவானாலும் அவற்றைச் செய்யலாம், விற்பதானாலும் மதிப்புக் கூடும்.

மதர்போர்டு பழுது, திரையில் கட்டம் கட்டமாக நிறச் சிதறல், கேம் நடுவே காரணமின்றி அணைவது, கீல் பிய்ந்து உடலே விரிசல் விடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ரேமோ எஸ்எஸ்டியோ வாங்க வேண்டாம். திடீரென அணைவது சூட்டால் இல்லை என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

9. மாற்றுவது என்று முடிவானால்

லேப்டாப் மேசையை விட்டு நகர்வதே இல்லையென்றால் மேசைக் கணினி வாங்குங்கள். அடுத்த முறை இந்த வழிகாட்டி முழுவதும் தேவைப்படாது. லேப்டாப்தான் வேண்டுமென்றால் சிப்பின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060 சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் நிறுவனங்கள் அமைக்கலாம்; இரண்டு ஓரங்களுக்கும் இடையில் வேகத்தில் பெரிய வேறுபாடு உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் மேசைக் கணினிக் கார்டும் லேப்டாப் சிப்பும் ஒன்றல்ல. ஆர்டிஎக்ஸ் 4070 மேசைக் கணினியில் 12 ஜிபி மெமரியுடன் வந்தது, லேப்டாப்பில் 8 ஜிபியுடன். எனவே வாட் அளவு, வீடியோ மெமரி, மக்ஸ் ஸ்விட்ச், ரேம் இடங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், பழைய லேப்டாப்பில் அளந்த அதே கேமை அதே 30 நிமிடம் ஆடி, அதே தாளில் புதிய எண்களைப் பக்கத்தில் எழுதுங்கள்.

பழையதைப் பிறருக்குக் கொடுக்கும் முன் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முழுமையாக அழிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வெறும் டெலீட் போதாது. கெட்ட பேட்டரி எளிதில் தீப்பற்றக்கூடும் என்பதால், அதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.